ஒன்றரை கிராம்

ஒன்றரை. ஒன்றரை கிராம்தான் தவசிண்ணே, அதுக்கு மேல கால் கிராம்கூட வேணாம், என்றார் பாட்சா பாய் போனில். ரெண்டைத் தாண்டினா ஊசி தட்டைச் சீவிரும், ஒண்ணுக்குக் கீழ போனா கோட்டுக்குள்ள நிக்காம ரெண்டு பக்கச் செவுத்துலயும் முட்டி முட்டி உடைச்சிரும், சீவுறதவிட அது மோசம். தவசிண்ணே என்று அவர் கூப்பிட்டது என்னை. தவசிலிங்கம் என் அப்பா. நான் சோலை, பதினேழு வயது, முக்கு எஸ்டிடி பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டையை அடியில் இறக்கி, வாக்கியத்துக்கு ஒரு செருமல் வைத்து, அப்பாவாக நின்றுகொண்டிருந்தேன். சிரிப்பு வயிற்றில் குமிழ் விட்டது. ஊரில் ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர் பார்க்கிற ஒரே ஆள், இருபது வருசமாக அப்பாவைத் தெரிந்தவர், அவரையே ஏமாற்றிவிட்டேன், பள்ளிக்கூடத்தில் சொன்னால் ஒருத்தனும் நம்பமாட்டான் என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருக்கும்போதே அவர் குரலைத் தாழ்த்தினார். ஏண்ணே, வருசா வருசம் திதி வர்ற வாரம் இதையே கேக்குறீங்க, நானும் இதையே சொல்றேன், அப்புறம் போட்டுக் கேக்காமலே பூட்டி வச்சிர்றீங்க. மேல்பூச்சு செதில் விட்டிருச்சுன்னு போன வருசமே சொன்னீங்க. இன்னும் ஒரு தடவ தாங்கும், மிஞ்சிப்போனா ரெண்டு. பிள்ளைக்காவது போட்டுக் காட்டுங்கண்ணே, பாவம், அவன் அம்மா குரல அவன் கேட்டதே இல்லையே. நான் செருமினேன். அந்த இடத்தில் அப்பா என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியவில்லை. யார் வாயிலிருந்தும் என்ன வரும் என்று தெரிந்த எனக்கு அது மட்டும் தெரியவில்லை. சரி பாய், என்று வைத்துவிட்டேன். பூத்துக்காரி, என்னடா காக்கா, இன்னிக்கு யாரு வேசம், என்றாள். அவள் குரலிலேயே பதில் சொல்லியிருப்பேன், எப்போதும் அப்படித்தான். இன்றைக்குக் காசை வைத்துவிட்டு இறங்கி நடந்தேன்.

அது காலையில். இப்போது மணி மூன்று, மாடி அறையில் ஜன்னலோரம் இந்த மேஜை முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு விட்டால் பிளேயரில் ஊசி மாட்டியிருக்கிற கை ஆடுகிறது. கையின் பின்னால் இருக்கிற குண்டை முன்னே திருகினால் ஊசிப்பக்கம் கனக்கிறது, பின்னே திருகினால் தலை தூக்கிக்கொள்கிறது. குண்டில் எண் போட்ட வளையம் ஒன்று இருந்திருக்கிறது, அது உடைந்து எங்கேயோ போய்விட்டது, ஆகவே எத்தனை கிராம் என்பதை நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் சைபர் கிராம். கை மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் காற்றில் படுத்துக்கிடக்க வேண்டும். ஒரு மயிரிழை திருகுகிறேன், இறங்குகிறது. அரை மயிரிழை பின்னே, ஏறுகிறது. இது அப்பா மைக்செட்டோடு கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற பிளேயர் இல்லை. அந்த டப்பா பிளேயரின் கை கடப்பாரை மாதிரி இருக்கும், எத்தனை கிராம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இது ஒரு டாக்டர் வீட்டில் வாங்கிய வெளிநாட்டுப் பிளேயர், வாங்கிய நாளிலிருந்து துணி மூடித்தான் இருக்கிறது, எதற்காக வாங்கினார் என்று எனக்கு இன்று காலையில்தான் புரிந்தது. பக்கத்தில் நாற்காலிமேல் தட்டு. உள்ளங்கையை விரித்தால் கொஞ்சம் வெளியே தெரிகிற அளவு. அலுமினியத் தகட்டில் கறுப்புப் பூச்சு, ஓரத்தில் பல்லி உரித்த தோல் மாதிரி பூச்சு எழும்பி நிற்கிறது. நடுவில் காகிதத்தில் பேனாவால் கனகவல்லி என்று அம்மா பேரை எழுதி, அடியில் பொருட்காட்சி என்று எழுதியிருக்கிறது. சித்திரைப் பொருட்காட்சியில் ஒருத்தன் கடை போட்டிருந்தானாம், பெட்டிக்குள் நின்று பேசினால் ஒண்ணேகால் நிமிசப் பேச்சைத் தட்டில் கீறிக் கையில் கொடுத்துவிடுவானாம். எனக்கு அப்போது ஒரு வயது முடிந்திருந்தது. அதற்கப்புறம் பதினொரு நாளில் அம்மா இல்லை. வேறு தட்டு கிடையாது, டேப் கிடையாது, ஒரு போட்டோ இருக்கிறது, போட்டோ பேசாது. கேசட்டில் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் டேப் டெக் அப்பாவோடு மண்டபத்துக்குப் போயிருக்கிறது, அத்தையின் ரேடியோ டேப் நாடாவைத் தின்றுவிடும். நாளைக்கு என்றால் சாவி இருக்காது. தட்டை வைத்துப் பூட்டின பீரோச் சாவியை அப்பா அரைஞாண் கயிற்றிலிருந்து கழற்றினதை நான் பார்த்ததே இல்லை. காலையில் முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று குளிக்கும்போது அறுந்த கயிற்றைச் சாவியோடு கொடியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அஞ்சு மணிக்கு அப்பா லோடு வண்டியில் வந்துவிடுவார். அத்தை ரேசன் கடை வரிசையில் நிற்கிறாள். இப்போது விட்டால் இல்லை.

கை படுத்துவிட்டது. காற்றில் மிதக்கிறது. ஊதாதே, சோலை, ஊதாதே என்று எனக்கு நானே எங்கள் ஹெட்மாஸ்டர் குரலில் சொல்லிக்கொள்கிறேன், மூக்கால் பேசுவார், சோலையை ஜோலை என்பார். பயமாக இருக்கும்போது யாராவது ஒருத்தராகிவிடுவது நல்லது. ஐந்தாம் வகுப்பிலிருந்து இப்படித்தான். கண்டக்டர், கோயில் மைக்கில் காணாமல்போன செருப்புக்கு அறிவிப்புக் கொடுக்கிறவர், எதிர்வீட்டு அம்மாள் நாயைத் திட்டுவது, அந்த நாய். போன மாசம் ஒரு கல்யாணத்தில் பெண்ணோட தாய்மாமன் குரலில், சம்பந்தி வீட்டார் மன்னிக்கணும், பாயசம் தீர்ந்துபோச்சு, ரசத்தோட எந்திரிச்சிருங்க என்று மைக்கில் சொல்லிவிட்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன், இருநூறு பேர் இலையை மடக்கினார்கள், தாய்மாமன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, எந்த நாய்டா அது என் வாயில பேசுறது என்று மண்டபத்தைச் சுற்றி ஓடினார். அப்பா அன்றைக்குச் சிரித்தார். வண்டியில் திரும்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இன்னொருவாட்டி சொல்லு, ரசத்தோட எந்திரிச்சிருங்க, சொல்லுடா என்றார். யார் மாதிரிப் பேசினாலும் சிரிப்பார். தன்னை மாதிரிப் பேசினால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். அடிக்கமாட்டார். முகத்தில் ரத்தம் சுண்டி, என்னய மாதிரி பேசாதடா, என்பார், அவ்வளவுதான், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டார். எல்லாருக்கும் தன்னைக் கேலி பண்ணினால் பிடிக்காது, அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தைக்கு எதுவுமே பிடிக்காது. அத்தை அப்பாவின் தங்கச்சி, பேச்சியம்மாள், என்னைக் குளிப்பாட்டி வளர்த்தவள், நான் யார் மாதிரியாவது பேசினால் ரெண்டு விரலைச் சேர்த்து வாய்மேல் சுளீரென்று ஒன்று வைப்பாள். வாயால போனவ பெத்த வாயி, என்பாள். வாயால போனவ என்றால் என்ன அத்தை என்றால், ஸ்டவ் வெடிச்சிருச்சுன்னு சொல்லிருக்கேன்ல, மண்ணெண்ண ஸ்டவ், பம்பு அடிச்சா, வெடிச்சிருச்சு, என்பாள். ஸ்டவ் வெடித்தால் அது வாயால் போனதா. இதை நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் வந்து, ரெக்கார்டில் ஊசி மாட்டிக்கொண்ட மாதிரி, வாயால போனவ, வாயால போனவ, அடுத்த வரி வராது. ஒரே ஒரு நாள், என் காய்ச்சலில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது அவளாகவே சொன்னாள். அந்தத் தட்டப் போட்டுப் போட்டுச் சிரிச்சாடா உங்கம்மா, ஒரு வாரமா, வீட்டுக்கு வர்றவக எல்லாருக்கும் போட்டுக் காட்டுனா, அண்ணன் இருக்கும்போதே போட்டா, கிறுக்கச்சி. அப்புறம் விரலால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

இப்போது கனம். அடிஸ்கேலின் நடுவில் ஒரு கோணி ஊசியைக் குறுக்கே வைத்து சீசாப் பலகை மாதிரி நிறுத்தியிருக்கிறேன். ஒரு முனையில் அஞ்சு பைசா, சதுரக் காசு. மறுமுனையில், நடுவிலிருந்து அதே தூரத்தில், பிளேயரின் ஊசியை இறக்க வேண்டும். ரெண்டும் சமமாக நின்றால் ஊசி அழுத்துகிறது ஒன்றரை கிராம். அஞ்சு பைசா ஒன்றரை கிராம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரி லேபில், சார் வெளியே போயிருந்த நேரம், அவர் குரலில் எல்லாரும் ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வாங்க என்று கத்தி லேபைக் காலி பண்ணிவிட்டு, தராசில் நான் விளையாடிக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தது. எழுபத்தேழில் அடித்த காசு சரியாக ஒன்றரை. பிந்தி வந்த காசு இளைத்துப்போய் ஒரு கிராம்தான், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வருசத்தைப் பார்க்காமல் எடுத்தால் அரை கிராம் ஏமாந்துவிடுவோம். எழுபத்தேழு. மூன்றாவது தடவையாகக் காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், எழுபத்தேழுதான். ஊசியை இறக்குகிறேன். ஸ்கேல் காசுப் பக்கமே சாய்ந்து கிடக்கிறது. குண்டை முன்னே ஒரு திருகு. இன்னும் கொஞ்சம். விரல் வேர்க்கிறது, சட்டையில் துடைக்கிறேன். அம்மா குரல் எப்படி இருக்கும். இதை யோசிக்காத நாள் இல்லை. கீச்சென்று இருக்குமா, கட்டைக் குரலா, சிரிக்கும்போது உள்ளே இழுத்துச் சிரிப்பாளா. பள்ளிக்கூடத்தில் ஒருத்தன், எல்லார் மாதிரியும் பேசுறியே, உங்கம்மா மாதிரி பேசு பாப்போம் என்றான். நான் அவன் அம்மா மாதிரிப் பேசி எல்லாரையும் சிரிக்க வைத்துத் தப்பித்தேன். அதைவிட ஒரு பயம் இருக்கிறது, அதை வெளியே சொல்ல முடியாது. ஒரு தடவை கேட்டால் போதும், எந்தக் குரலும் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிடும், நான் கூப்பிடாமலே வரும், பல் விளக்கும்போது வரும். இன்றைக்கு இதைக் கேட்டுவிட்டால் நாளைக்கு அத்தை தோசை திருப்பிக்கொண்டிருக்கும்போது என் வாயிலிருந்து அம்மா வந்துவிடுவாள். அத்தை கையில் கரண்டியோடு திரும்புவாள். அது வேடிக்கையாக இருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது, சிரிப்புகூட வந்தது, அந்தச் சிரிப்பு என்னுடையதுதானா என்று பயமாக இருந்தது. ஸ்கேல் அசைகிறது. காசுப் பக்கம் எழும்புகிறது. நின்றது. ரெண்டு முனையும் ஒரே உயரத்தில். ஜன்னலுக்கு வெளியே மணியடித்துக்கொண்டு ஓர் ஐஸ் வண்டி போகிறது, அது போகும்வரை நான் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை. எழுபத்தேழு. ஒன்றரை. அப்பா வருசா வருசம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யாமல் விட்ட காரியம் இது. ஏன் கேட்கிறார். ஏன் செய்யவில்லை. தட்டு தேய்ந்துவிடும் என்ற பயம் என்றால் ஒரு தடவையாவது போட்டிருப்பார், அதற்காகத்தானே வைத்திருப்பது. அதில் இருப்பதைக் கேட்கப் பயம் என்றால் உடைத்துப் போட்டிருக்கலாம், காலால் மிதித்தால் மடங்கிவிடும் தகடு. ரெண்டும் இல்லாமல் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு பதினாறு வருசமாக ஒரு மனுசன் நடக்கிறார்.

மேஜை ஓரத்தில் நாலணா ஒன்று கிடக்கிறது. அதை எடுத்துப் பையில் போட்டுவிடு என்று தோன்றியது, கை வேலையாக இருந்தது, போடவில்லை. மைக்செட் வேலையில் நாலணாவுக்கு ஒரு உபயோகம் உண்டு. மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆள்கள் ஆடும்போது மேடைப் பலகை அதிர்ந்து ஊசி துள்ளும், பாட்டு ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு, வா, வா, வா, வா என்று கத்தும், கூட்டம் ஊளையிடும், அந்த நொடியில் பிளேயர் தலைமேல் ஒரு நாலணாவை வைத்தால் ஊசி அழுந்திக்கொண்டு முன்னே போய்விடும். அப்பா பேசிக்கொண்டே, வெற்றிலை போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் வைப்பார். நானும் ஏழு வயதிலிருந்து வைக்கிறேன். இது கையின் வேலை, தலைக்கு இதில் பங்கில்லை. தட்டை எடுத்து வைக்கிறேன். ஓரத்தைத் தொட்டால் செதில் விரலில் ஒட்டுகிறது, ஒரு துளிக் கறுப்பு, அதில் அம்மாவின் ஏதோ ஒரு அரைச் சொல் போயிருக்கும். ஆம்ப்ளிஃபயரைப் போடுகிறேன். தட்டு சுற்ற ஆரம்பிக்கிறது, கனகவல்லி என்ற பேர் சுற்றிச் சுற்றிப் படிக்க முடியாமல் போகிறது. ஊசியை இறக்குகிறேன்.

மழை. வெறும் மழை. ஓட்டு வீட்டில் விழுகிற மாதிரி இரைச்சல், அதற்குள் எங்கேயோ ராட்டினத்துச் சத்தமும் ஒரு பிள்ளை ங்ஙா ங்ஙா என்பதும். சத்தத்தைத் திருகினேன், போதவில்லை, இன்னும் திருகினேன், முக்கால் வரை. பேசலாமாம்மா, என்றான் ஒருத்தன், கடைக்காரன். அப்புறம் ஒரு ஆம்பிளைக் குரல், கரகரவென்று, பொருட்காட்சிக்கு வந்திருக்கும் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு, பச்சைச் சட்டை போட்ட குழந்தை ஒன்று அப்பாவைத் தொலைத்துவிட்டது, அப்பா அப்பளக் கடையில் நிற்பதாகத் தெரிகிறது. கடைக்காரன் சிரித்தான். என் முதுகில் மயிர் எழுந்தது. தட்டு மாறிவிட்டதென்று நினைத்தேன். மைக் அறிவிப்பு பின்னால் கேட்டிருக்கிறது, அம்மா இனிமேல்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். உடனே பேச்சி அத்தை வந்தாள், இருபது வயது அத்தை, அதே இழுவை, யண்ணே, அண்ணி இன்னிக்கி என்ன பண்ணுனா தெரியுமாண்ணே, உப்பக் கொட்டிப்புட்டாண்ணே. கடைக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், அப்போதுதான் எனக்கு உறைத்தது, உட்கார்ந்திருந்த நாற்காலி அடியிலிருந்து எதையோ உருவின மாதிரி. இது அம்மா. எல்லாமே அம்மா. எங்கே மூச்சு எடுக்கிறாள், எங்கே நாக்கை மேலே ஒட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, நானும் அங்கேதான் எடுப்பேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் எப்படிம்மா பேசுவார், என்றான் கடைக்காரன். அவரா, அவரு வெளிய பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்கிறாரு, கேக்காதுல்ல, என்று யாருடையதும் இல்லாத ஒரு கிசுகிசுப்பு, அப்புறம் ஒரு செருமல். அப்பாவின் செருமல். என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு நல்ல செருமல். உப்பு இதுவாடி, இதத் திம்பானாடி மனுசன், ஊருக்கெல்லாம் என் வாய்ல பேசிக் காட்டுறியா, பேசு, ஒரு நாளு இல்ல ஒரு நாளு அந்த ஸ்டவ்வோட சேத்து உன்னையும் கொளுத்திப்புடுறேன் பாரு. ஆம்ப்ளிஃபயர் முக்காலில் இருந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அப்பாவின் குரல் அறை முழுக்க நின்றது, தெருவுக்கும் போயிருக்கும். கடைக்காரன் சிரித்தான். அம்மா அதைத் தினமும் கேட்கிறவள் சொல்கிற மாதிரி சொன்னாள், சாப்பிட வாங்க என்பது மாதிரி, நன்றாகப் பழகின பாட்டு மாதிரி. ஒரு வாரம் போட்டுப் போட்டுச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாள். அண்ணன் இருக்கும்போதே போட்டா. வாயால போனவ. அடுத்த வரி வந்துவிட்டது, எனக்கு அது வேண்டாம், திரும்பப் போ, மாட்டிக்கொண்டே இரு. ஸ்டவ் வெடிக்கலாம். பதினோராம் நாள் தானாகவே வெடிக்கலாம், பம்பு அடித்தாள், வெடித்தது, ஒருத்தர் வாயில் வந்த ஒன்று அப்படியே நடந்துபோகலாம், நடக்காதா, உலகத்தில் எத்தனை ஸ்டவ். என்னய மாதிரி பேசாதடா. முகத்தில் ரத்தம் சுண்டி. சட்டையை மாட்டிக்கொண்டு. தட்டில் இன்னும் ஒரு விரல் அகலம் பாக்கி இருந்தது. எல்லாரையும் பேசிட்டீங்க, என்றான் கடைக்காரன், முடியப் போகுது, உங்க குரல்ல ஒண்ணு சொல்லுங்கம்மா. என் குரலா, என்றாள். அது

அது அது அது அது. ஊசி மாட்டிக்கொண்டது. செதில் விட்ட இடம். அது அது அது. மெலிசாக, கொஞ்சம் வெட்கமாக, கேள்வி கேட்கிற மாதிரி முடிகிற ஒரு குரல், என் வாழ்நாளில் கேட்ட எந்தக் குரலைப் போலவும் இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. அது. நான் அப்படியே விட்டிருக்கலாம். சுவிட்சை அணைத்திருக்கலாம், தூக்கி வைத்துவிட்டுப் பாட்சா பாயைக் கூப்பிட்டிருக்கலாம், அந்த ஒரு சொல்லையாவது சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது கை போய்விட்டது. மாப்பிள்ளை ஊர்வலம், கூட்டம் ஊளையிடுகிறது, ஊசி மாட்டிக்கொண்டது, மேஜை ஓரத்தில் நாலணா. வைத்த பிறகுதான் வைத்தேன் என்று தெரிந்தது. ஊசி அழுந்தியது. சர்ரென்று ஒரு சத்தம், துணியைக் கிழிக்கிற மாதிரி, முன்னே போனது, போய்க்கொண்டே இருந்தது, ஊசிக்கு முன்னால் கறுப்புப் பூச்சு சுருள் சுருளாக எழும்பி, பென்சில் சீவின மாதிரி, தட்டின் மேல் விழுந்தது, அடியில் அலுமினியம் பளபளவென்று வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நடுவில் பேர் எழுதின காகிதத்தில் போய் முட்டி நின்றது. ஊசியின் ஒன்றரையும் நாலணாவின் ரெண்டரையும் நாலு. நாலு கிராம். நான் கூட்டிப்பார்த்தேன். எதற்குக் கூட்டினேன் என்று தெரியவில்லை. சுருளை விரலில் எடுத்தேன், மயிர் மாதிரி இருந்தது, அதில்தான் அந்த வரி இருக்கிறது, அது என்று ஆரம்பித்து அவள் சொன்னது. காதில் வைத்துக்கூடப் பார்த்தேன். ஸ்பீக்கரில் மழை மட்டும் பெய்தது.

அப்போதுதான் கீழே ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் நின்றது. எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை. லோடு வண்டி. மணி நாலுகூட ஆகவில்லை. பெட்டிய இங்கயே எறக்குங்கப்பா, என்று அப்பாவின் குரல், அது அப்பாவேதான், அம்மா இல்லை, நான் இல்லை. அப்புறம் இரும்புப் படியில் செருப்பு. ஒன்று. ரெண்டு. எங்கள் வீட்டு மாடிப்படி பதினாலு, ஆறாவது முனகும், ஒவ்வொரு படியின் சத்தத்தையும் என்னால் வாயில் செய்து காட்ட முடியும். மூன்று. டேய் சோலை, என்றார் ஏறிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, கோபம்கூட இல்லை, களைப்பாகத்தான். தெருமுக்கு வரைக்கும் கேக்குதுடா. நாலு. அஞ்சு. போதும்டா, விளையாட்டு. ஆறு, முனகியது. என்னய மாதிரி பேசாதன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன் உனக்கு. ஏழு. அந்தக் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன், கொலை செய்தவன் குரலில் ஏதாவது இருக்குமா, செய்யாதவன் குரலில் என்ன இருக்கும், எத்தனையோ குரல் தெரிந்தவன் நான், எனக்கு அது தெரியவில்லை. எட்டு. ஒரு பொய் சொன்னால் போதும். ஆமாப்பா, சும்மா பேசிப் பார்த்தேன், என்று சொன்னால் அவர் முகத்தில் ரத்தம் சுண்டும், சட்டையை மாட்டிக்கொண்டு போவார், நாளை மறுநாள் திதிக்கு எள்ளும் தண்ணியும் விடுவார், நான் பக்கத்தில் உட்காருவேன், இந்தத் தட்டை ஜன்னல் வழியாகச் சாக்கடையில் போட்டுவிடலாம். தொண்டை தானாக ஒரு குரலைத் தேடியது. ஹெட்மாஸ்டர் வந்தார், கண்டக்டர் வந்தார், தாய்மாமன் வந்தார், அத்தை வந்தாள், எல்லாரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். ஒன்பது.

நான் பேசலப்பா, என்றேன்.

மெலிசாக வந்தது. கேள்வி கேட்கிற மாதிரி முடிந்தது. நான் யாரைப் போலவும் பேச நினைக்கவில்லை.

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. ஊசி காகிதத்தில் உரசிக்கொண்டிருக்கிறது, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. பத்தாவது படிக்காகக் காத்திருக்கிறேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.